ஆறு பத்துக்கு வரும் பத்தொன்பது எழுத்து

எங்கள் ஊரில் ஒருவர் சொல்ல வந்து விழுங்கிவிடும் வாக்கியங்கள் எல்லாம் காய்கறிச் சந்தைக்கு எதிரே, முதல் மாடியில் இருக்கும் சர்வரில் போய்ச் சேருகின்றன. வாக்கியம் தொண்டையைத் தாண்டி உள்ளே இறங்கியதும் அவரவர் கைபேசி ஒருமுறை அதிரும். அவ்வளவுதான். கல்யாண மாதங்களில் சர்வர் கொஞ்சம் சூடாகும். அப்போது இரண்டு மின்விசிறிகளை அதன் பக்கம் திருப்பி வைப்போம்.

நான் அங்கே இணைப்புச் சோதகன். விழுங்கியவருக்கும் சர்வருக்கும் நடுவே வாக்கியம் பூட்டிய நிலையில்தான் பயணம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வழியில் இருப்பவர்கள் கேட்டுவிடுவார்கள். ஒருமுறை கல்யாணத் தரகர் ஒருவர் பெண் வீட்டாரைப் பற்றி விழுங்கியது, பூட்டு சரியில்லாமல், பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் மதுரை வண்டி அறிவிப்புக்கு முன்னால் வந்துவிட்டது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தரகர்தான் சாப்பாட்டுக்கு வரவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை தணிக்கை உண்டு. வலுவற்ற பழைய பூட்டு ஒன்றையாவது எங்கள் சர்வர் ஏற்றுக்கொண்டால் அலுவலகத்தை மூடிவிடுவார்கள். மூடினால், உள்ளே இருக்கும் வாக்கியங்கள் அத்தனையும் அன்று மாலையே யாரிடம் சொல்லப்பட்டிருக்க வேண்டுமோ அவர்களிடம் ஒப்படைக்கப்படும். பக்கத்து ஊரில் இரண்டு வருடங்களுக்கு முன் அப்படி ஒப்படைத்தார்கள். அங்கே எல்லாரும் இப்போது வேலியைப் பார்த்துக்கொண்டேதான் தெருவில் நடக்கிறார்கள்.

இந்த வருடத் தணிக்கை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. எங்கள் கண்காணிப்பாளர் ஹமீதா பேகம் காலையிலேயே என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஞானராஜ், என் மாமியார்கிட்ட நான் விழுங்கினது மட்டும் ஒரு லாரி இருக்கும். பார்த்துக்கங்க."

"பார்த்துக்கறேன் மேடம்" என்றேன்.

கறுப்புத் திரையைத் திறந்து கட்டளையைத் தட்டினேன். முதலில் சர்வர் தன் சான்றிதழை நீட்டும். அதில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். பெயர் என்ன, அந்தப் பெயருக்கு யார் சாட்சி, எந்தத் தேதி வரை செல்லும். யாரிடம் வந்து நிற்கிறோம் என்பதை உறுதி செய்யாமல் எவ்வளவு பெரிய பூட்டைப் போட்டாலும் வீண்தான். அவசரக்காரர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். பதினோரு வருட சர்வீஸில் நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இதைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பேன். வகுப்பு முழுக்க அவர்களுடைய கைபேசிகள் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பழைய பூட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டி, எனக்கு இது ஒன்றுதான் தெரியும், என்னோடு பேசுவாயா என்று சர்வரைக் கேட்பேன். முடியாது என்று அது சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல எனக்கு உச்சி குளிரும். முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினால் சந்தோஷப்படுகிற உத்தியோகம் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அன்றும் ஒவ்வொன்றாகச் சாத்தியது. முடியாது. முடியாது. மன்னிக்கவும், முடியாது. கடைசியாக, டி.எல்.எஸ். ஒன்று புள்ளி பூஜ்யம் என்ற பழைய பூட்டை நீட்டினேன்.

"வாங்க வாங்க, உட்காருங்க" என்று திரையில் எழுத்து வந்தது.

எங்கள் சர்வர் தங்கமானது. தாட்சண்யம்தான் கொஞ்சம் அதிகம். இதை யாருக்காகத் திறந்து வைத்திருக்கிறாய் என்று தட்டினேன்.

"ஒரே ஒரு அம்மாவுக்காக சார். அவங்க போன் ரொம்பப் பழசு. புதுப் பூட்டெல்லாம் அதுக்குத் தெரியாது."

பதிவேட்டைத் திறந்தேன். அரசு ஊழியர் குடியிருப்பு, டி-18 என்று இருந்தது. நான் தினமும் போய்ச் சேரும் வீடு அது. அந்த அம்மா என் பொற்கொடி.

வாக்கியங்கள் பூட்டியிருப்பதால் பதிவேட்டில் நேரமும் நீளமும் மட்டுமே தெரியும். பதினோரு வருடமாக, வேலை நாட்களில் மட்டும், மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு ஒரு வாக்கியம் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறைகளிலும் இல்லை. எல்லாமே சரியாகப் பத்தொன்பது எழுத்து. ஆறு பத்து என்பது நான் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம்.

அந்தப் பழைய பூட்டைத் திறக்க ஒரு கொண்டை ஊசி போதும். ஆனால் சோதகன் பூட்டை இழுத்துப் பார்க்கலாமே தவிரத் திறக்கக் கூடாது. விரல் விட்டு எண்ணுவதற்குத் தடை இல்லை, எண்ணினேன். செருப்பை வெளியே விடுங்க, பதினொன்றுதான் வந்தது. இன்னிக்கும் மறந்துட்டு வந்துட்டீங்களா, இருபது. ஓர் எழுத்து அதிகம். ஒருத்தி பதினோரு வருடமாக ஒரே வாக்கியத்தை என்னைப் பார்த்ததும் விழுங்குகிறாள் என்றால் அது நல்ல வாக்கியமாக இருக்க வாய்ப்பில்லை.

தீபாவளிக்குத் தீபாவளி புது போன் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். புது போன்களில், விழுங்கும்போது உறவுமுறை என்று ஒரு கட்டம் வரும். அதை நிரப்பினால்தான் வாக்கியம் போகும். இரண்டு விநாடி வேலை. பொற்கொடி ஒவ்வொரு தீபாவளிக்கும், "இதுவே போதுங்க" என்று சொல்லிவிடுவாள்.

மணி இரண்டரை ஆகியிருந்தது. அந்தப் பூட்டைத் தடுத்தால் இன்று மாலை அவள் அதை என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருக்கும். தடுக்காவிட்டால் ஊரே நாறிவிடும், அதோடு அவளுடையதும் மூவாயிரத்துச் சொச்சம் முறை என்னிடம் வந்து சேரும். கணக்குப் பார்த்தால் ஒருமுறை கேட்பதே மேல். சர்வர் ஏற்கும் பூட்டுகளின் பட்டியலைத் திறந்து கடைசிச் சொல்லை அழித்தேன்.

"அம்மா என்ன செய்வாங்க சார்?" என்று சர்வர் கேட்டது.

"வாயால சொல்லிக்கட்டும்."

"நீங்க தாங்கிப்பீங்களா?"

"அப்படி என்னதான் சொல்றா?"

"முடியாது" என்றது சர்வர். அவ்வளவு சுருக்கமாக அது என்னிடம் பேசியதே இல்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்குத் தணிக்கையாளர் வந்து எல்லாப் பழைய பூட்டுகளையும் நீட்டிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் சர்வர் கதவைச் சாத்திக்கொண்டது. இப்படி ஒரு மரியாதை கெட்ட சர்வரை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று வாயாரப் பாராட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஹமீதா பேகம் எல்லாருக்கும் எலுமிச்சை ஜூஸ் வரவழைத்தார். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

போகும் வழியில் கருப்பட்டி மிட்டாய் கால் கிலோ வாங்கிக்கொண்டேன். குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகளும் ஒரே வரிசை, ஒரே நீல நிறம். ஆறு பத்துக்குச் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தேன். பொற்கொடி காப்பியோடு கதவருகே நின்றாள். என்னைப் பார்த்தாள், வழக்கம்போல எதையோ விழுங்கினாள். ஜன்னலில் இருந்த அவள் போன் அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. மூன்றாம் முறை, ஏற்கப்படவில்லை என்று காட்டியது. அவளுக்கு ஒரு விக்கல் வந்து, வாக்கியம் மேலே ஏறி வந்துவிட்டது.

"உங்க வீடு இது இல்லீங்க, பக்கத்து வீடு."

விரல் விட்டு எண்ணினேன். பத்தொன்பது.

"எது, டி-17ஆ?"

"ஆமாங்க. உங்க ஆர்டர்ல அப்படித்தான் இருக்கும்."

பையில் இருந்த வீட்டு ஒதுக்கீட்டு ஆணையை எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அன்னிக்கு அடைமழை. தொப்பலா நனைஞ்சு வந்து நின்னீங்க. பாவமா இருந்துச்சு, துண்டைக் கொடுத்தேன். துவட்டிட்டு, காப்பி நல்லாயிருக்குன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?" பொற்கொடி முந்தானையை விரலில் சுற்றினாள். "சொன்னா போயிருவீங்கன்னு பயமா இருந்துச்சு. புது போன்னா உறவுமுறை கேக்கும். அதுல நான் என்னன்னு போடுவேன்?"

"உன் வீட்டுக்காரர்?"

"அவரு அன்னிக்கு டி-19க்குப் போயிட்டாரு. அங்கேயும் மழைதானே. எல்லாருமே ஒரு வீடு தள்ளித்தான் போனாங்க. கடைசி வீட்டுக்காரரு சுத்திக்கிட்டு டி-ஒண்ணுக்குப் போயிட்டாரு. எல்லா வீட்லயும் காப்பி தயாரா இருந்துச்சு."

எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. துண்டைக் கொடியில் போடாதது, பாட்டுப் பாடிக்கொண்டு பல் தேய்ப்பது, எதுவுமே அவளுக்குக் குறையாகப் படவில்லை. ஆனால் சோதனை என்று வந்துவிட்டால் முறைப்படிதான் செய்ய வேண்டும். பதினோரு வருடமாக விட்டுப்போன படி அது.

"பெயர்?" என்று கேட்டேன்.

"பொற்கொடி."

"அதுக்கு யார் சாட்சி?"

டி-17இன் சுவருக்கு மேலே ஒரு தலை எழுந்தது. எஸ்தர். ஆணையில் என் பெயருக்குக் கீழே மனைவி என்று இருந்ததும் எஸ்தர்தான். "நான் சாட்சிங்க" என்றாள். "எனக்குத் தெரிஞ்ச நாளா அவங்க பொற்கொடிதான்." அடுப்பில் பால் பொங்குகிறது என்று உடனே உள்ளே போய்விட்டாள்.

"எந்தத் தேதி வரைக்கும் செல்லும்?"

"தேதி எதுவும் போடலைங்க" என்றாள் பொற்கொடி. அவள் கண்ணில் நீர் நின்றது, சிரித்துக்கொண்டும் இருந்தாள். "காப்பி ஆறுது."

குடித்தேன். நல்லாயிருக்கு என்று சொன்னேன். மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியைச் சுவருக்கு மேலாக எஸ்தரிடம் கொடுத்தோம்.

திங்கட்கிழமை ஊரில் மழை இல்லை, வெயில் கொளுத்தியது. ஆறு பத்துக்கு இருபத்து நான்கு பேரும் அந்த முதல் நாள் போலவே தொப்பலாக நனைந்தபடி குடியிருப்புக்குள் நுழைந்தோம். இருபத்து நான்கு கதவுகளிலும் துண்டு தயாராக இருந்தது.