ஆக உயரமான மரம்

நீக்கிலாப்பிள்ளைக்கு ஒரே மகள். அவளுடைய கலியாணத்துக்கு, உலகத்தின் எந்தெந்த மூலையில் சொந்தம் சிதறிக் கிடக்கிறதோ அத்தனையையும் கனடாவில் ஸ்காபரோவுக்கு வரவழைத்து ஒரே மண்டபத்தில் உட்காரவைத்துப் பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. அதிலும் பாரிசில் இருக்கிற அண்ணன் அருள்நாயகம் வராவிட்டால் அவருக்கு அது கலியாணமே இல்லை. தாயாரின் மரண அறிவித்தலில் அண்ணியின் பெயர் விடுபட்டுப்போன நாளிலிருந்து அண்ணன் அவரோடு கதைப்பதில்லை. விட்டவன் அச்சடித்தவன், பழி இவர் தலையில் விழுந்தது.

குறுக்கே நின்றவள் மணமகள்தான்.

“அப்பா, அவ்வளவு ஃபிளைட்டா? தட்ஸ் இன்சேன். இவ்வளவு புகையை வானத்தில விட்டுத்தான் எனக்குக் கலியாணமெண்டா, எனக்கு அது வேண்டாம்.”

நடாஷா சுற்றுச்சூழல் படித்தவள். கொட்டுகிற பனியிலும் மோர்னிங்சைட்டிலிருந்து பஸ்ஸில்தான் வேலைக்குப் போவாள். சொன்னால் செய்துவிடுகிற பிள்ளை. தகப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

வழி கண்டுபிடித்தது மனைவி வேரோனிக்கா. “இஞ்சருங்கோ, ஆபிரிக்காவில மரம் நட்டா பிளேன் விடுற புகைக்குச் சரியாப் போகுமாம்.” பாவம் செய்துவிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்து எழும்புகிற ஏற்பாடு நீக்கிலாப்பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். உடனே விளங்கிவிட்டது.

மலாவியில் ஒரு கிராமம் அகப்பட்டது. சிக்கொண்டி என்ற பெண்ணும் அவள் கூட்டாளிகளும் அங்கே மாங்கன்று வளர்க்கிறார்கள். நடுகிற கூலி அவர்களுக்கு. பிறகு காய்க்கிற பழமும் அவர்களுக்கே. நடாஷா வீடியோவில் சிக்கொண்டியோடு தானே கதைத்துத் திருப்திப்பட்டாள். “ஓகே அப்பா, கூப்பிடுங்கோ,” என்றாள்.

அத்தோடு விட்டிருந்தால் மரம் மரமாக வளர்ந்திருக்கும். ஆனால் கோயில் கதிரையின் முதுகிலும் மின்விசிறியின் செட்டையிலும் உபயகாரர் பெயரை எழுதிப் பழகிய இனத்தில் பிறந்தவர், பெயரில்லாத மரத்தை எப்படி நடுவார்? வருகிற குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மரம். மரத்துக்கு ஒரு தகரப் பலகை. பலகையில் குடும்பத்தார் பெயர். இந்தமுறை யாரும் விடுபடக்கூடாது என்று அண்ணியின் பெயரை அவரே எழுத்துக்கூட்டிச் சிக்கொண்டிக்கு அனுப்பினார். கன்றுகள் பலகை கட்டி நிற்கிற படத்தைக் கலியாண அழைப்போடு சேர்த்து வட்ஸ்அப்பில் எல்லாருக்கும் தட்டிவிட்டார்.

படம் போன அன்றே தொடங்கியது பிரச்சினை. லண்டன் றொய்சன் தன்னுடையது கறுத்தக்கொழும்பானா அல்லது ஏதாவது புளி மாங்காயா என்று கேட்டான். ஒஸ்லோ நிரூபா அன்ரிக்குத் தன் மரம் பின்வரிசையில் நிற்பது பொறுக்கவில்லை. மெல்பேர்ன் மயூரி, விட்டுப்போன புருஷனின் பெயர் இன்னமும் தன் மரத்தில் ஏன் தொங்குகிறது என்று சண்டைக்கு வந்தாள்.

இதெல்லாம் பெரிதில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு அண்ணன் ஃபோன் எடுத்தார்.

“டேய், படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன். றொய்சன்ர மரம் நெஞ்சளவு நிக்கிது. என்ரது முழங்காலுக்கும் வரேல்ல. அண்டைக்குப் பேப்பரில வெட்டினாய், இண்டைக்கு ஆபிரிக்காவிலயும் வெட்டிப்போட்டாய். நான் வரமாட்டன்.”

ஃபோனை வைத்துவிட்டார். நீக்கிலாப்பிள்ளை குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதார். அண்ணனின் குரலைக் கேட்ட சந்தோஷத்துக்குப் பாதி, கேட்ட சொல்லுக்குப் பாதி.

முகத்தைக் கழுவிக்கொண்டு சிக்கொண்டியைக் கூப்பிட்டார். தன் உடைந்த ஆங்கிலத்தில், பலகைகளை இடம் மாற்றிக் கட்டும்படி கெஞ்சினார். அவள் சிரித்தாள். தகரம் வெயிலில் கொதித்துக் கன்றைச் சுட்டதாம். எல்லாவற்றையும் கழற்றி ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரை போட்டாயிற்றாம். கன்றுகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எது யாருடையது என்று இனி ஒருவருக்கும் தெரியாது.

நீக்கிலாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். பிறகு மெல்லக் கையை எடுத்தார். ஒருவருக்கும் தெரியாதா?

“அண்ணை, வைச்சுப்போடாதேங்கோ. பலகைதான் மாறிப்போச்சு. ஆக உயரமான மரம் உங்கடதான்.”

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “அண்ணியின்ர பேரும் கிடக்கோ?”

“ஓம் அண்ணை. முதல் பேரே அண்ணியின்ரதான்.”

“அப்ப சரி. வாறம்.”

இவ்வளவு லேசான வேலையா என்று அவருக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. விடுவாரா? ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஆக உயரமானது உங்கடதான், முன்வரிசையில்தான் நிக்கிது, சுத்தமான கறுத்தக்கொழும்பான், ஆனா மற்ற ஆக்களுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, மனம் நோவினம். எல்லாரும் இரகசியம் காப்பதாகச் சத்தியம் பண்ணினார்கள்.

எல்லாரும் வந்தார்கள். கோயில் வாசலில் அண்ணன் அவரைக் கட்டிப்பிடித்தபோது, கோட்டுத் தோள்பட்டையைக் கண்ணீரால் நனைத்துவிட்டார் நீக்கிலாப்பிள்ளை. அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னும் எத்தனை பொய்யும் சொல்லியிருப்பார்.

மண்டபத்தில் சாப்பாடு முடிந்ததும் அண்ணன் மைக்கைப் பிடித்தார். “என்ர தம்பி எனக்கு ஆபிரிக்காவில மரம் நட்டிருக்கிறான். அங்க நிக்கிறதில ஆக உயரமானது என்ரதுதான்!”

“அது எங்கட, அங்கிள்!” என்று லண்டன் மேசை எழும்பியது. ஒஸ்லோ மேசை கரண்டியால் தட்டியது. மெல்பேர்ன் மயூரி சேலையைத் தூக்கிக்கொண்டு மைக்கை நோக்கி வந்தாள்.

“சும்மா ஏன் வாய்த்தர்க்கம்?” என்று அண்ணன் கைகாட்டினார். “இஞ்சயிருந்து நேரா அங்கதான் போறம். போய் நிண்டு பாப்பம்!”

மண்டபம் முழுக்கக் கைதட்டு. பயண முகவர் இரத்தினவேல் வாயைத் துடைத்துக்கொண்டு ஃபோனைத் திறந்தார். இத்தனை பேர் என்றால் ரிக்கெற் விலையில் கழிவு கிடைக்குமாம்.

மணப்பெண் நாற்காலியிலிருந்து நடாஷா எழும்பி வந்தாள். “அப்பா, அவையளுக்கு என்ன சொன்னனீங்கள்?”

அவர் வாயைத் திறக்குமுன் அண்ணன் வந்து தோளில் கைபோட்டார். “உனக்கும் சேத்து ரிக்கெற் எடுத்திட்டன். எனக்குப் பக்கத்து சீற். இவ்வளவு காலமும் கதைக்காம விட்டதெல்லாம் பிளேனில கதைப்பம். வாறாய்தானே?”

அண்ணனின் கண் கலங்கியிருந்தது. பின்னால் அண்ணி, தன் பெயரைத் தொட்டுப் பார்க்கப்போகிற பூரிப்பில் நின்றார். அந்தப் பெயரின் கீழே இப்போது ஆடுகள் படுத்திருக்கின்றன.

“ஓம் அண்ணை, வாறன்,” என்றார் நீக்கிலாப்பிள்ளை, மகளின் முகத்தைப் பார்க்காமலே.