இரண்டு பூமிகள்

ஆவுடைநாயகத்தின் ஆம்ப்ளிஃபயர் ஒரு பூமியில் நின்றது. அவருடைய வீடு வேறொரு பூமியில் நின்றது. பாளையங்கோட்டையில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

வீட்டின் பூமி பழையது. மின் மீட்டருக்குக் கீழே ஒரு குழியில் அது தொடங்கியது. மிக்ஸியும் ஃபிரிட்ஜும் அவர் மனைவி உலகம்மையும் அதைச் சார்ந்திருந்தனர். மிக்ஸி ஓடும் பூமியில் பதிகம் ஒலிக்கலாகாது என்பது ஆவுடைநாயகத்தின் கொள்கை. ஆகவே பவழமல்லி மரத்தடியில், இசைக்கென்றே தனியாக ஓர் எர்த் குழி வெட்டினார். செம்புக் கம்பியை இறக்கிக் கரியும் உப்பும் இட்டு மூடினார்.

காய்ந்த மண் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. அதனால் நாள்தோறும் நீராடி, நீறு பூசி, ஒரு செம்பு நீரைக் குழியில் வார்த்தார். சில நாட்களில் நீரோடு பூவும் சேர்ந்தது. அதன்பின் கற்பூரமும் சேர்ந்தது. பிறகு, வார்த்த நீர் அடிமண்ணில் போய்ச் சேரும் ஓசை கேட்கவில்லை.

பிழை அந்தப் பூசையில்தான் நேர்ந்தது. வணங்கப்பட்ட மண், தான் வேறு என்று எண்ணத் தொடங்கிவிட்டது.

இசைத்தட்டைச் சுழலவிட்டால் பாட்டின் அடியில் ஒரு ரீங்காரம் எழுந்தது. நாளடைவில் அது பாட்டை மூடியது. ஒரு காலை உலகம்மை காப்பியோடு கூடத்துக்கு வந்தாள். டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கி நீட்ட வேண்டியிருந்தது. ஆம்ப்ளிஃபயரும் நாற்காலியும் அதில் அமர்ந்திருந்த கணவரும் தரையோடு உயர்ந்திருந்தனர்.

"ஏங்க, எங்க போறீய?"

"நான் எங்கட்டி போறேன்? உக்காந்துல்லா இருக்கேன்."

"தரை போகுதே."

"லேசாத்தான்."

காப்பி அவரிடம் சென்று சேர்வதற்குள் ஆறிவிட்டது.

பூமித் தணிக்கையாளர் துரைப்பழம் வரவழைக்கப்பட்டார். பளபளக்கும் பூட்ஸ் அணிந்திருந்தார். தம் கருவியின் ஒரு முனையை உலகம்மையின் கையில் கொடுத்தார். மறுமுனையை ஆவுடைநாயகத்திடம் எறிந்தார். முள் துடித்தது.

"அண்ணாச்சி, நீங்களும் மதினியும் ஒரே வீட்டுலயா இருக்கீய?"

"பின்ன?"

"மீட்டர் அப்படிச் சொல்லலையே."

"அது கெடக்கட்டும். இந்த ரீங்காரம் என்னது?"

"ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள தூரம். அதுதான் சத்தம் போடுது. ரெண்டு பூமியையும் ஒரு வயரால கட்டணும். இல்லைன்னா மத்தியானத்துக்குள்ள ஒங்க பூமி கெளம்பிரும்."

"எங்க?"

"தனி பூமிக்குன்னு எடம் இருக்கு."

"கட்டினா என் பூமியோட சுத்தம் போயிருமே."

"போயிரும். பக்கத்து வீட்டு மோட்டார்கூட வந்து கலக்கும்."

ஆவுடைநாயகம் கீழே நோக்கினார். உலகம்மையின் தலைவகிடு ஒரு நூலளவே தெரிந்தது. அவள் ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது. துரைப்பழத்தின் குரல் எட்டிய உயரத்துக்கு அவள் குரல் எட்டவில்லை; ரீங்காரம் மட்டுமே மேலே வந்தது. தமக்கு எவ்வளவு சுத்தமான பூமி வேண்டும் என்று அவர் அதுவரை யோசித்ததில்லை. அவள் குரல் கேளாத அளவுக்கு வேண்டாம் என்று அப்போது தெரிந்தது.

"கட்டும்வே!"

மீட்டரடியிலிருந்து இழுத்த பச்சை வயர் உலகம்மை வரை வந்தது. மரத்தடி வயர் ஆவுடைநாயகத்தின் கையோடு நின்றது. நடுவே வெட்டவெளி கிடந்தது.

"வயர் பத்தலை," என்றார் துரைப்பழம்.

"கடையில வாங்கிட்டு வாரும்."

"வாங்கலாம். கடை எந்தப் பூமியில இருக்குன்னு மொதல்ல பாக்கணும்."

உலகம்மை மாவுக்கையை முந்தானையில் துடைத்தாள். வயர் முனையை ஒரு கையில் பற்றிக்கொண்டு, முக்காலி மேல் ஏறி, மறுகையை உயர்த்தினாள். ஆவுடைநாயகம் தம் பூமியின் விளிம்பில் குப்புறப் படுத்துக் கை நீட்டினார். விரல்களுக்கிடையே இன்னும் கொஞ்சம் இருந்தது. ரீங்காரத்தைக் கிழித்துக்கொண்டு அவள் கத்தினாள்.

"இன்னும் குனிங்க! சாமிக்கு மட்டுந்தான் குனிவீயளோ?"

அவர் குனிந்தார். விரல்கள் தொட்டன.

ரீங்காரம் நின்றது.

தரை இறங்கித் தரையோடு பொருந்தியது. ஊரின் மோட்டார்களும் கிரைண்டர்களும் தெருவிளக்குகளும் தம் மிச்ச மின்சாரத்தை ஏந்திக்கொண்டு அவருடைய தோள்வழியே வந்தன. அவர் எதிர்பார்த்த அழுக்கு அவற்றில் இல்லை. சந்நிதியில் வரிசை கலையாமல் நிற்பவர்களைப் போல ஒவ்வொன்றாக வந்து, வணங்கி, கீழே இறங்கி, மண்ணில் அடங்கின. குழிகள் இரண்டுக்கும் அடி ஒன்றே. அது வெகு ஆழத்தில் இருந்தது. அங்கே எல்லாம் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தன. அது நிறையவேயில்லை. ஆவுடைநாயகத்தின் கண்களில் நீர் பெருகியது.

"அம்மாடி," என்றாள் உலகம்மை. "எவ்வளவு எடம்!"

அவள் குரல் அருகிலேயே கேட்டது.

"கையை விடலாமாய்யா?" என்று அவர் கேட்டார்.

துரைப்பழம் தம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை தரையைத் தொடவில்லை.

"அண்ணாச்சி, ஊர்ல எல்லார் பூமியையும் அளந்துட்டேன். நான் எதுலயும் நின்னதில்ல போலிருக்கு. எனக்கும் ஒரு விரல் குடுங்களேன்."

"ரெண்டு கையும் வேலையா இருக்குவே. முழங்கையைப் பிடிச்சுக்கிடும்."

துரைப்பழம் பூட்ஸைக் கழற்றிவிட்டு முழங்கையைப் பற்றினார். பாதம் தரையில் பட்டதும், வெந்நீரில் கால் வைத்தவரைப் போல ஒருமுறை கூசினார். பிறகு ஊன்றி நின்றார்.

இசைத்தட்டில் பாடுபவர் மூச்சை இழுத்தார். அம்மூச்சு முழுவதும் கேட்டது.

வாசலில் பக்கத்து வீட்டார் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தனர்.