ஐந்து சக்கரங்களுக்கு ஈயம்

மாரியாத்தாள் நான்கு வருஷமாக அந்த ஒர்க்‌ஷாப்பில் கார் கழுவினாள். ஒருநாளும் உள்ளே போனதில்லை. அவினாசி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை, அதன் முன்னால் சிறுவாணித் தண்ணீர் வரும் ஒரு குழாய். குழாயடி அவளுக்கு, கொட்டகை ஆண்களுக்கு. முதலாளி நரசிம்மலு அப்படித்தான் வைத்திருந்தார். உள்ளே தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று அவள் மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள். எந்த நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை வெளியே நின்று பார்த்தே தெரிந்துகொண்டதாகச் சொல்வாள். பார்க்கலாம் அம்மணி, பார்க்கலாம் என்பார் அவர். பெரிய மேஸ்திரி ஐயாசாமி அந்த அளவுக்குக்கூட ஒளிக்க மாட்டார். பொம்பளை உள்ளே வந்தால் ஆம்பளைகள் வாயைக் கட்டிக்கொண்டல்லவா ஸ்பானர் பிடிக்க வேண்டும் என்று அவள் காதுபடவே சொல்வார்.

முப்பத்தாறாம் வருஷம் தை மாதம் சத்தியமங்கலத்திலிருந்து நஞ்சுண்டக் கவுண்டரின் கார் வந்து நின்றது. சீமையிலிருந்து கப்பலில் வந்த வண்டி. சக்கரமெல்லாம் கம்பிச் சக்கரம். ஃபேக்டரியிலேயே மஞ்சள் பெயிண்ட் அடித்து அனுப்பியிருந்தார்கள். சத்தி ரோட்டுக் கல் தெறித்துத் தெறித்து அந்த மஞ்சள் அம்மை கண்ட முகமாகியிருந்தது. போதாததற்கு, பங்காளி ஒருவர் இதென்ன ரேக்ளா வண்டிச் சக்கரமா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாராம். கவுண்டருக்கு அது நெஞ்சில் குத்திக்கொண்டது. மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், மாப்பிள்ளை ஊர்வலம் இந்தக் காரில்தான். பெயிண்டே வேண்டாம், ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து சக்கரமும் வெள்ளித் தட்டு மாதிரி மின்ன வேண்டும், அடுத்த வாரம் புதன்கிழமை காலையில் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கையில் எட்டு நாள்தான்.

ஐயாசாமி கத்தி எடுத்துச் சுரண்டினார். ஒரு பகல் முழுக்கச் சுரண்டியதில் ஒரு சக்கரத்தில் ஆறு கம்பி வெளுத்தது. ஆறிலும் பூனை பிறாண்டியது போலக் கீறல். மெட்ராஸுக்கு அனுப்பிவிடலாம் என்றார். போய்த் திரும்ப ஒரு மாதம் ஆகும் என்றார் நரசிம்மலு. இரண்டு பேரும் அந்தச் சக்கரத்தைப் பார்த்தபடி நிற்க, குழாயடியிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க முதலாளி, அது எண்ணெயில கொழச்ச பெயிண்டுங்க. எண்ணெயைச் சுண்ணாம்பு, சோடா மாதிரி காரந்தான் அறுக்கும். கத்தி அறுக்காதுங்க."

"இது பாத்திரம் தேய்க்கற வேலை இல்ல, தெரியுமா?" என்றார் ஐயாசாமி.

"தேய்க்கற வேலைதானுங்களே மேஸ்திரி."

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பெரிய வீட்டில் எட்டு வருஷம் பித்தளைப் பாத்திரம் தேய்த்தவள் அவள். அண்டா, குத்துவிளக்கு, ஆள் உயரக் கொப்பரை என்று அவள் கையில் படாதது இல்லை. நரசிம்மலுவுக்கு வேறு வழியும் இல்லை. டயர்களைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களைக் குழாயடிக்கு உருட்டிவிடச் சொன்னார். அப்போதும் அவள் விடவில்லை, மின்னினால் எனக்கு என்ன என்று கேட்டாள். அவர் யோசித்து, ஐயாசாமியை அருகே கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னார்.

"அஞ்சும் மின்னுச்சுன்னா உள்ள உனக்கு ஒரு எடம். மேஸ்திரி சாட்சி. கெட்டுப்போச்சுன்னா இந்தக் கொழாயடியும் இல்ல. மறுபடியும் யாரூட்டுப் பாத்திரமோ தேடிக்க வேண்டியதுதான்."

"செரிங்க," என்றாள். அவ்வளவுதான்.

சுட்ட சுண்ணாம்பும் வண்ணார் சோடாவும் வாங்கி வந்து களி மாதிரி கிண்டினாள். கையில் விளக்கெண்ணெய் பூசிப் பழந்துணி சுற்றிக்கொண்டு, கம்பி கம்பியாக அந்தக் களியை அப்பினாள். மேலே ஈரச் சாக்கு. அரைநாள் கழித்துச் சாக்கை எடுத்தபோது மஞ்சள் பெயிண்ட், காய்ச்சிய பாலின் ஆடை போலச் சுருங்கிக் கிடந்தது. வழித்தால் வந்தது. கம்பிகள் நடுக் குடத்தில் போய்ச் சேரும் இடுக்குகளில் மட்டும் விரல் போகவில்லை. அங்கே தேங்காய் நார்க் கயிற்றை மணலில் தோய்த்து, ஒவ்வொரு கம்பியிலும் ஒரு சுற்றுச் சுற்றி, தயிர் கடைவது போல இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தாள். ஒரு சக்கரத்துக்கு நாற்பது கம்பி. ஐயாசாமி போகும்போதும் வரும்போதும் வெண்ணெய் திரண்டுச்சா அம்மணி என்று கேட்டார். மோருதான் வருது மேஸ்திரி, ஊத்தட்டுங்களா என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் புளியும் செங்கல் பொடியும் போட்டு ஐந்தையும் கடைசியாகத் தேய்த்துக் கழுவினாள். நரசிம்மலு வந்து குனிந்து குனிந்து பார்த்தார். அப்படி ஒரு வெளுப்பு. கழுவிய பாத்திரத்தை வைப்பது போல ஐந்து சக்கரத்தையும் குழாயடிக் கல்தளத்தில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐயாசாமிதான் முதலில் பார்த்தவர். தைப்பனி இறங்கியிருந்தது. ஐந்து சக்கரமும் மிளகாய்ப் பொடி தூவியது போலச் சிவந்து கிடந்தன. கொட்டகை ஆட்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். மஞ்சளுக்கு மேல் குங்குமமும் வைத்தாயிற்று, இனி கவுண்டர் கும்பிட வேண்டியதுதான் பாக்கி என்று ஐயாசாமி சொல்ல, ஒருவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மாரியாத்தாள் துருவை விரலால் தொட்டுப் பார்த்தாள். இரும்புச் சட்டியைக் கழுவி ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். பளபளப்பைப் பார்த்ததும் பித்தளை என்றே கை நினைத்துக்கொண்டது. எட்டு வருஷப் பழக்கம்.

நரசிம்மலு சத்தம் போடவில்லை. புதன்கிழமை காலை வரைதான் நேரம், அதற்குப் பிறகு நீயே கணக்கை முடித்துக்கொண்டு போய்விடு என்றார்.

திரும்பத் தேய்த்தால் திரும்ப வெளுக்கும். ஆனால் வெளுத்தது எத்தனை நாள் நிற்கும்? சத்தியமங்கலம் போய்ச் சேருவதற்குள் சிவந்துவிடுமே. எண்ணெய் பூசினால் புழுதி அப்பும். இதையே நினைத்துக்கொண்டு கோட்டைமேட்டுப் பக்கம் நடந்தவள், பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் பீர் முகம்மது பாய் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவள் பாத்திரம் தேய்த்த பெரிய வீட்டுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து பூசிவிட்டுப் போகிறவர். பித்தளையில் களிம்பு ஏறாமல் ஈயம் காப்பாற்றுகிறதே, இரும்பில் துரு ஏறாமல் காப்பாற்றாதா என்று கேட்டாள்.

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். முப்பது வருஷத்தில் இரும்புக்கு ஈயம் பூசச் சொல்லி யாரும் கேட்டதில்லை, இரும்பில் ஈயம் பிடிக்காது தங்கச்சி என்றார்.

அவள் அவர் கையிலிருந்த இடுக்கியைப் பார்த்தாள்.

"பாய், அந்த இடுக்கி எதுல செஞ்சதுங்க?"

"இரும்புதான்."

"மொனையைப் பாருங்க."

முனை இரண்டு விரற்கடை நீளத்துக்கு வெள்ளையாக மின்னியது. முப்பது வருஷமாக ஈயத்தில் முங்கி முங்கி எழுந்த முனை. பாய் இடுக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, நஃபீசா, துருத்தியை எடுத்து வை, நாளைக்கு வெளி வேலை என்று மனைவியிடம் சொன்னார்.

திங்கட்கிழமை குழாயடிக்குப் பக்கத்திலேயே குழி வெட்டிக் கரி போட்டார்கள். நரசிம்மலு ஓடி வந்தார். சூட்டில் சக்கரம் கோணிப்போனால் கவுண்டர் என்னைக் கோணலாக்கிவிடுவார் என்றார். ஸ்டெப்னியில் முதலில் பார்ப்போம், கோணினால் அந்த ஒன்றோடு நிறுத்திவிடுகிறேன் என்றாள் மாரியாத்தாள். புளி போட்டாள், துருவெல்லாம் கரைந்து வெளுத்தது. இந்தத் தடவை ஒரு நொடி தாமதிக்கவில்லை. துடைத்த கையோடு சக்கரத்தை நெருப்புக்குத் தூக்கிக் கொடுத்தாள். ஈயம் பிடிப்பதற்காகப் பாய் நவச்சார உப்பைத் தூவினார், குப்பென்று புகை. ஈயக் குச்சியைத் தொட்டார். அது உருகி ஓடியது. மில் பஞ்சை இடுக்கியில் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

பஞ்சு போன வழியெல்லாம் நிலா.

ஓர் இடத்தில் மட்டும் நகம் அளவுக்குக் கறுப்பாக நின்றது. ஈயம் அங்கே உட்கார மறுத்தது. பெயிண்ட் மிச்சமிருக்கும் இடத்தில் இது ஒட்டாது, உன் வேலையில் எங்கே குறையோ அங்கே காட்டிக்கொடுத்துவிடும் என்றார் பாய். அவள் சக்கரம் ஆறும்வரை காத்திருந்து, மூங்கில் சிம்பால் அந்த இடுக்கை நோண்டினாள், பாய் அங்கே மறுபடி பூசினார். மற்ற நான்கையும் வெயிலில் தூக்கிப் பிடித்து இடுக்கு இடுக்காகப் பார்த்தாள். நரசிம்மலு ஸ்டெப்னியை அச்சில் மாட்டிச் சுற்றிவிட்டு, குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கோணவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தி சாய்வதற்குள் ஐந்தும் முடிந்துவிட்டன. அந்த இரவும் பனி பெய்தது. காலையில் ஐயாசாமி கொட்டகைக்குள் போகாமல் நேரே சக்கரங்களிடம்தான் போனார். ஒரு புள்ளி சிவப்பு இல்லை. அவராகவே டயர் மாட்டத் தொடங்கினார்.

கவுண்டர் வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து சக்கரத்தின் நடுக் குடத்தில் மீசையைப் பார்த்து நீவிக்கொண்டார். மெட்ராஸிலா செய்தது என்று கேட்டார். இல்லை, இங்கேதான் என்றார் நரசிம்மலு. ஆள் பெயர் சொல்லவில்லை. மாரியாத்தாள் குழாயடியில் வேறு ஏதோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். காது மட்டும் இந்தப் பக்கம்.

"இதை எப்படிங்க கழுவறது? மண்ணுப் போட்டுத் தேய்க்கலாமா? கெளம்பறதுக்கு முன்னாடி எலுமிச்சம்பழத்து மேல சக்கரத்தை ஏத்துவோம், சாறு பட்டா என்னாகும்?" கவுண்டர் கேட்டுக்கொண்டே போனார்.

நரசிம்மலு ஐயாசாமியைப் பார்த்தார். ஐயாசாமி கூரையைப் பார்த்தார்.

"செஞ்சவங்களைக் கூப்புடுங்க நரசிம்மலு. அவங்க சொல்லட்டும்."

வேறு வழியில்லாமல் அவர் கூப்பிட்டார். மாரியாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு, நான்கு வருஷமாக மிதிக்காத வாசற்படியை மிதித்து உள்ளே வந்தாள். கவுண்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா அம்மணி செஞ்சே?"

"நானும் பீர் முகம்மது பாயுமுங்க. மண்ணு ஆகாதுங்க, கீறிப்போடும். ஈரத்துணி, அப்பறம் காஞ்ச பஞ்சு, அவ்வளவுதானுங்க. எலுமிச்சைச் சாறு பட்டா உடனே தொடச்சுப்போடுங்க. கல் தெறிச்சு எங்கயாச்சும் ஈயம் போச்சுன்னா அந்த எடம் செவக்கும். வண்டியை இங்க கொண்டாந்துருங்க, அந்த எடத்துக்கு மட்டும் பூசித் தாரேன்."

"என்ர சம்பந்தி கார் ஒண்ணு பொள்ளாச்சியில நிக்குது. தம்பி காரு ஒண்ணு. கல்யாணம் முடிஞ்சதும் ரெண்டையும் அனுப்பறேன். எங்க கொண்டாந்து உடச் சொல்றது? கொழாயடியிலயா?"

அவள் நரசிம்மலுவைப் பார்த்தாள். கவுண்டரும் பார்த்தார். டயர் மாட்டிய ஆட்களும் பார்த்தார்கள். நரசிம்மலு தொண்டையைச் செருமினார்.

"உள்ளதானுங்க. சக்கர வேலைக்கு இனிமே மாரியாத்தாதான். உள்ள எடம் குடுத்தாச்சு."

"எந்த எடமுங்க?" என்றாள் அவள்.

அவர் மூலையில் பழைய டயர் குவிந்து கிடந்த இருட்டைக் காட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. கிழக்கு ஜன்னலுக்குக் கீழே, காலை வெயில் நேராக விழும் இடத்துக்குப் போய் நின்றாள். அங்கே ஐயாசாமியின் மேஜை இருந்தது.

"ஈயம் பூசுனதுல கறுப்பு நிக்குதான்னு வெயில்லதான் தெரியுங்க முதலாளி. மூலை ஆகாது."

கவுண்டர் வாய்விட்டுச் சிரித்தார். ஐயாசாமி மேஜை மேலிருந்த ஸ்பானர்களை வாரித் தரையில் வைத்தார். பிறகு மேஜையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை யாராவது பிடியுங்கள் என்றார். மாரியாத்தாள்தான் பிடித்தாள்.