சந்தேகம் உள்ளவர்கள் நேரில் கேட்கலாம்

கேந்தா தேவி தன் முப்பத்தைந்தாவது வயதில், ஒரு வாரப் பத்திரிகையின் நான்காம் பக்கத்தில் பிறந்தாள். அவளுக்கு மேலே சுவர்க்கடிகார விளம்பரம், கீழே கூந்தல் தைலம். அவளை எழுதியவர் முன்ஷி ரௌஷன்லால். யமுனைக்கரை மதுராவில் வைத்யராஜ் ஹுப்லாலின் ‘காயகல்ப பிந்து’ மருந்துக்கு விளம்பரம் எழுதுவதுதான் அவர் பிழைப்பு. வைத்யராஜ் என்ற பட்டத்தை ஹுப்லாலுக்கு யாரும் கொடுக்கவில்லை. பெயர்ப்பலகை எழுதியவன் இடம் நிறைய இருக்கிறதே என்று கேட்டபோது அவரே சேர்த்துக்கொண்டது. நோயாளி அவரைப் பார்க்க வேண்டியதில்லை, அவரும் நோயாளியைப் பார்க்க வேண்டியதில்லை. நோயை ஒரு கார்டில் எழுதிப் போட்டால் புட்டி வி.பி.பி. தபாலில் வந்துவிடும், பணத்தைத் தபால்காரரிடம் கொடுத்தால் போதும். அன்று மத்தியானம் பேடாவும் மோரும் சாப்பிட்டுவிட்டு, கண் சொக்கிக்கொண்டு வருகிற நேரத்தில் முன்ஷி எழுதினார்: ‘பன்னிரண்டு வருடம் வயிற்று வலியால் புழுவாய்த் துடித்தேன். சூடான ஆணியை உள்ளே வைத்துத் திருகினாற்போல் இருக்கும். பெரிய டாக்டர்கள் கைவிட்டார்கள். மூன்று புட்டியில் பூரண குணம். இப்படிக்கு, சௌபாக்கியவதி கேந்தா தேவி, வயது முப்பத்தைந்து, ஏட்டா நகரக் கச்சேரி குமாஸ்தா பாபு ஜௌஹரிமல்லின் மனைவி.’ பத்தியில் இன்னும் ஒரு வரிக்கு இடம் மிச்சமிருந்தது. வெறுமனே விடுவானேன் என்று முன்ஷி இதையும் சேர்த்தார்: ‘சந்தேகம் உள்ளவர்கள் என்னை நேரில் கண்டு கேட்கலாம்.’

ஹாத்ரஸிலிருந்து ஒரு நெய் வியாபாரிக்குச் சந்தேகம் வந்தது. அவர் ரயிலை விட்டு இறங்கி மருந்துக்கடையைத் தேடி வந்தபோது, கடையின் மூன்றாவது படியில் கேந்தா தேவி உட்கார்ந்திருந்தாள். சிவப்புப் புடவை, வகிட்டில் குங்குமம், உடம்பெல்லாம் அச்சு மையின் வாசனை. தன் வலி அவளுக்குத் தெரிந்திருந்தது, புருஷன் பெயர் தெரிந்திருந்தது. தாயின் முகம் தெரியவில்லை. நெய் வியாபாரி கும்பிட்டுவிட்டு, இந்த மருந்துதான் உங்களைக் குணமாக்கியதா என்று கேட்டார். வாசலில் ஹுப்லால் மலர்ந்த முகத்தோடு நின்றார். கேந்தா தேவி யோசித்தாள். முன்ஷி வலியை ரசித்து எழுதியிருந்தாரே தவிர மருந்தின் ருசியையோ நிறத்தையோ எழுதவில்லை.

“வலி இருந்துச்சு ஐயா, ஆணி திருகின மாதிரி. அப்புறம் ஒரு முற்றுப்புள்ளி வந்துச்சு, நின்னுடுச்சு. நடுவுல நான் எதையும் குடிச்சதா ஞாபகம் இல்ல.”

வியாபாரி புட்டி வாங்காமல் ஊர் திரும்பி, ஹாத்ரஸ் சந்தை முழுக்க இதைச் சொன்னார்.

அவள் வந்த விதத்தைப் பற்றி மதுராவில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. கடவுளே சிறைச்சாலையில் பிறந்த ஊர் அது, ஒருத்தி பத்திரிகையில் பிறந்தால் என்ன என்று இருந்துவிட்டார்கள். ஹுப்லாலுக்கும் அதில் ஆச்சரியம் இல்லை, கோபம்தான் இருந்தது. “உன்னை உண்டாக்கினதே நாங்கதாம்மா. நாங்க சொல்றதைச் சொல்லிட்டுப் போறதுக்கு உனக்கு என்ன கஷ்டம்?” என்றார்.

“‘நேரில் கேட்கலாம்’னு போட்டீங்க. ‘கேட்டா பொய் சொல்லுவா’ன்னு போடலையே வைத்யஜி” என்றாள் அவள்.

ஹுப்லால் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு அச்சடித்துப் பார்த்தார். அம்மாளை ஏன் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு மூட்டை மூட்டையாகக் கார்டு வந்தது. வரியைத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. ஒருமுறை அச்சுக் கோப்பவர் முப்பத்தைந்தை ஐம்பத்து மூன்றாக மாற்றிவிட்டார். அந்த வாரம் முழுக்கக் கேந்தா தேவிக்குத் தலை நரைத்து, முன்பல் ஒன்று ஆடியது. அடுத்த இதழில் எண்ணைத் திருத்தியதும் எல்லாம் சரியாயிற்று. அவளைப் பற்றி அச்சாவது அவள் உடம்பில் நடக்கும் என்பது அப்போதுதான் ஹுப்லாலுக்குப் புரிந்தது. உடனே புது விளம்பரம் கொடுத்தார்: ‘கேந்தா தேவி மருந்தை நிறுத்தினார், வலி திரும்பியது.’ பத்திரிகை வந்த காலையில் ஆணி மறுபடி உள்ளே இறங்கித் திருகியது. அவள் படியில் சுருண்டு கிடந்தாள், ஆனால் எழுந்து போகவில்லை. அலிகட்டிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார், மருந்தை நிறுத்தியதால்தான் வலிக்கிறதா என்று பரிதாபமாகக் கேட்டார். “வலிக்குது. ஆனா நிறுத்தினதால இல்ல, அப்படி அச்சடிச்சதால” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவரும் வாங்காமல் போனார்.

அவளுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள் ஹுப்லாலின் மனைவி சமேலி. கணவரின் வைத்தியத்தை அவள் ஒரு நாளும் நம்பியதில்லை. தலைவலித்தால் நெற்றியில் சுக்கை இழைத்துப் பூசிக்கொள்வாள். “உன் வீட்டுக்காரர் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கலையேடி?” என்று கேட்டாள்.

“அவர் எங்க வரப்போறார் அக்கா. அவருக்குப் பேர் மட்டும்தான் அச்சாச்சு. அந்தப் பேர்கூட...”

சமேலி பதறி அவள் வாயைப் பொத்தினாள். “சொல்லித் தொலைச்சிடாதே! பொண்டாட்டி வாயால பேர் வந்தா புருஷனுக்கு ஆயுசு குறையும். நான் இத்தனை வருஷத்துல ஒரு தடவை சொல்லியிருப்பேனா? ‘கடைக்குள்ள இருக்கிறவர்’னுதான் சொல்லுவேன். எரிச்சல் வந்தா மட்டும் மனசுக்குள்ள பாதிப் பேரைச் சொல்லிக்குவேன்.”

மழைக்காலம் முடிவதற்குள் காயகல்ப பிந்துவின் விற்பனை படுத்துவிட்டது. ஒரு மாலை முன்ஷி ரௌஷன்லால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு படியருகே வந்து நின்றார். அடுத்த விளம்பரத்தை ஹுப்லால் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத வைத்திருந்தார். முன்ஷி அதை ஒப்பித்தார்: ‘மருந்தை நிறுத்திய சௌபாக்கியவதி கேந்தா தேவி, பாபு ஜௌஹரிமல்லின் மனைவி, நெற்றிக் குங்குமத்தோடு சுமங்கலியாகக் காலமானார். வாசகர்களே, மருந்தை நடுவில் நிறுத்தாதீர்கள்.’

“அச்சுக்குப் போயிடுச்சு தாயே. நாளன்னிக்குக் காலை ரயில்ல வந்துடும். என்னை மன்னிச்சுடு. இல்லேன்னா இப்பவே உள்ள போய், மருந்தாலதான் குணமாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. தந்தி அடிச்சு நிறுத்திடுவார்.”

“சுமங்கலியாவா போறேன்?”

“அதுதானேம்மா மரியாதை.”

கேந்தா தேவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முன்ஷி திடுக்கிட்டார். அவளுக்கு அவர் சிரிப்பு எதுவும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் பொழுது விடிந்து, எதிர்க்கடையில் ஜிலேபிக்கு எண்ணெய் காயும் நேரத்தில், அவள் படியில் எழுந்து நின்று தெருவைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள்: “ஜௌஹரிமல்!” ஜிலேபிக்காரன் கையிலிருந்த கரண்டி எண்ணெய்ச் சட்டியில் விழுந்தது. யமுனையில் குளித்துவிட்டு வந்த பெண்கள் ஈரத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவள் நிறுத்தவில்லை. கறிகாய்க்காரியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள், கன்றுக்குட்டியை அதட்டுவதுபோல அதட்டினாள், ராகம் போட்டு இழுத்தாள். மத்தியானம் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கூடச் சேர்ந்து கத்தினார்கள்.

சமேலி ஓடிவந்தாள். “ஏண்டி, புத்தி கெட்டுப்போச்சா? அவர் ஆயுசு போயிடும்டி!”

“போகட்டும் அக்கா. ஒரு வரி ஆயுசுதானே அவருக்கு. நான் போகணுமா, அவர் போகணுமா?”

சமேலி உள்ளே போய், தொண்டை வறளாமல் இருக்க ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஜௌஹரிமல் செத்துப்போனார். வட மாகாணங்கள் முழுவதும், பழைய பத்திரிகைகளில் அவர் பெயர் இருந்த இடம் வெளுத்துக் காலியானது. பலகாரம் கட்டிய காகிதத்திலும் அப்படித்தான். கேந்தா தேவியின் வளையல்கள் தாமாக உடைந்து படியில் உதிர்ந்தன, குங்குமம் பொடியாகக் கொட்டியது. வயிற்று வலியும் அந்தச் சௌபாக்கியவதிக்கு எழுதியது என்பதால் கூடவே போய்விட்டது. அவள் போய் யமுனையில் முழுகினாள். ஆமைகள் வழிவிட்டன.

மறுநாள் காலை ரயிலில் பத்திரிகைக் கட்டும், அதே வண்டியில் சாவும் வந்து இறங்கின. சாவு பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு பாபு ஜௌஹரிமல்லின் மனைவியை, சுமங்கலி கேந்தா தேவியைத் தெருத்தெருவாக விசாரித்தது. அப்படி யாரும் இல்லையே என்றான் ஜிலேபிக்காரன். மூன்றாவது படியில் ஒரு விதவைதான் உட்கார்ந்திருந்தாள். சாவு அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிப் போயிற்று. ஹுப்லால் விடவில்லை. விதவை கேந்தா தேவி காலமானார் என்று புதிதாக எழுதி அனுப்பினார். ஒரே ஆள் இரண்டு தடவை செத்ததைப் போட முடியாது என்று எல்லாப் பத்திரிகைகளும் திருப்பி அனுப்பிவிட்டன.

விதவைக்கு வெள்ளைதானே என்று நல்லெண்ணத்தோடு நான்கைந்து பெரியவர்கள் சொல்ல வந்தார்கள். செவ்வந்தி நிறத்தில் ஒரு மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கேந்தா தேவி கேட்டாள்: “வெள்ளைதான் கட்டணும்னு எந்தப் பேப்பர்ல போட்டிருக்கு?” பெரியவர்கள் வந்த வழியே போய்விட்டார்கள்.

அதன்பிறகு வருடங்கள் ஓடின. ஒரு யுத்தம் முடிந்து இன்னொன்று வந்தது. படியில் கூட்டம் குறையவே இல்லை. லாகூர் மின்சார இடுப்புப் பட்டை, பம்பாய் வசிய மோதிரம், கல்கத்தா கறுப்பு மயிர்ச் சாயம் என்று எல்லாவற்றுக்கும் ஜனங்கள் விளம்பரத் துண்டோடு வந்து அவளைக் கேட்டார்கள். அவள் துண்டை மோந்து பார்த்துப் பதில் சொல்வாள். ஹுப்லால் தூரத்து ஊர்களுக்கு மட்டும் புட்டி அனுப்பிக் காலம் தள்ளினார். மனைவி அவரைக் கூப்பிடும்போதெல்லாம் பெயர் வந்துவிடுமோ என்று பயந்து, அவள் சொன்ன வேலைகளை உடனே செய்யப் பழகியிருந்தார்.

ஒரு சித்திரை மாதக் காலையில் ஹுப்லாலுக்கு வயிறு வலித்தது, ஆணி வைத்துத் திருகினாற்போல. அவர் ஒரு புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், குலுக்கினார், மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு கடையை விட்டு இறங்கி, படியோரம் நின்ற வரிசையின் கடைசியில் நின்றார். யாரும் அவருக்கு வழிவிடவில்லை, அவரும் கேட்கவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியபோது அவர் முறை வந்தது.

“குடிக்கலாமா?” என்று புட்டியை நீட்டினார்.

“யார் செஞ்சது?”

“நான்தான்.”

“என்ன போட்டிருக்கீங்க?”

ஹுப்லால் சுற்றும்முற்றும் பார்த்தார். பின்னால் புதிதாகச் சேர்ந்த வரிசை தெருமுனைவரை நின்றது. “ஓமத் தண்ணி. சர்க்கரைப் பாகு. கொஞ்சம் கற்பூரம். சிவப்புச் சாயம்” என்றார்.

“அப்புறம் சந்தேகம் எங்க இருக்கு வைத்யஜி?” என்றாள் கேந்தா தேவி. சமேலி வைத்துவிட்டுப் போன மோர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, அவருக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். “அடுத்தவங்க வாங்க.”