எலித் தடுப்பு ஏற்பாடு

எங்கள் நாய்க் காப்பகத்தைச் சோதனை போட வரும் அதிகாரிக்கு நானும் என் நாத்தனாரும் வைத்த பெயர் சட்டம் சார். மனுஷன் நாயைப் பார்க்கவே மாட்டார், கூண்டைத்தான் பார்ப்பார். டேப்பை நீட்டி அளந்து, ஒரு விரற்கடை குறைந்தாலும் உச்சுக் கொட்டுவார்.

அன்றைக்கு மூன்றாம் கூண்டு அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தது. அதில் இருந்தது தாத்தா, இரண்டு கண்ணும் போன கிழட்டு நாய். அதன் முதுகில் சாய்ந்து ஜோராகத் தூங்கிக்கொண்டிருந்தது மேனேஜர் என்கிற பூனை.

"நாயும் பூனையும் ஒரே கூண்டுலயா? விதி ஒன்பது என்னம்மா சொல்லுது?"

"சார், பூனை பக்கத்துல இல்லேன்னா கிழவன் பச்சைத்தண்ணி கூட தொட மாட்டான். ஒரு தடவை பிரிச்சு வச்சோம், எலும்பும் தோலுமா ஆயிட்டான்."

"அதுக்கெல்லாம் விதியில இடமில்ல. பூனையை மாத்துங்க. இல்லேன்னா லைசென்ஸ் ரத்து."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லைசென்ஸ் போனால் அத்தனை நாயும் தெருவில் நிற்கும். பூனையை மாற்றினால் தாத்தா செத்துப்போகும். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"சும்மா இருங்க அண்ணி" என்று நாத்தனார் என் கையைக் கிள்ளினாள்.

அவர் அதோடு விடுகிறவரா? கூண்டை ஒட்டி அடுக்கியிருந்த தீவன மூட்டைகளுக்குத் தாவினார்.

"மூட்டை பக்கத்துலயே எலித் தடுப்பு ஏற்பாடு இருக்கணும். விதி பதினாலு. எங்க ஏற்பாடு?"

"அதோ, தூங்குதே சார்" என்றாள் நாத்தனார்.

சட்டம் சார் பூனையைப் பார்த்தார். கையிலிருந்த விதிப் புத்தகத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏற்பாடுன்னுதான் போட்டிருக்கு, என்ன ஏற்பாடுன்னு போடலையே! அப்ப இது பூனை இல்லம்மா, உபகரணம். உபகரணத்துக்கு விதி ஒன்பது பொருந்தாது!"

மேனேஜர் பிறந்ததிலிருந்து ஓர் எலியைக்கூடத் தொட்டதில்லை. அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தாத்தா இரண்டு வருஷம் இருந்தது. ஒரு மழைநாளில் பூனையின் மேல் தலையை வைத்தபடியே போய்விட்டது. நானும் நாத்தனாரும் கட்டிக்கொண்டு அழுதோம். கூண்டைக் கழுவினோம். கட்டி முடித்திருந்த புது அறைக்கு மூட்டைகளை மாற்றினோம். மேனேஜர் மட்டும் வர மாட்டேன் என்றது. தூக்கிக்கொண்டு போய் விட்டால் அடுத்த நிமிஷம் திரும்பி வந்தது. அடைத்து வைத்தால் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாரமே சட்டம் சார் வந்து நின்றார்.

"மூட்டை அங்க, உபகரணம் இங்க. என்னம்மா இது? மாத்துங்க."

"தாத்தா போயிட்டான் சார்" என்றேன். சண்டை போடத் தெம்பில்லை.

அவர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். அத்தனை இடம் காலியாகக் கிடக்க, பூனை ஓரமாக ஒடுங்கிக் கிடந்தது. தாத்தா படுக்கும் இடத்தை அப்படியே விட்டிருந்தது. அவர் டேப்பை எடுத்தார், நீட்டாமலே பையில் போட்டுக்கொண்டார்.

"இது தரையோட பொருத்தின சாமான்மா. நகத்தக் கூடாது. அதுக்கு விதி இருக்கு."

"எந்த விதி சார்?" என்று கேட்டாள் நாத்தனார்.

"பார்த்துச் சொல்றேன்" என்றவர், எங்கள் முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார்.