சட்டை போட்ட சரக்கு

வெறும் தண்ணீர் தடவிய செடியின் இலையில் ஏழு நோய்ப் புள்ளிகள் இருந்தன. ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கண்ணாடி வீட்டில் மூன்று செடிகள். மூன்று நாளைக்கு முன்பு இலைகளில் கீறல் விழ உராய்வுப்பொடி தூவித் தேய்த்தோம். அந்தக் கீறல் வழியாகத்தான் வைரஸ் உள்ளே போகும். முதல் செடிக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதற்கு வைரஸின் புரத உறை மட்டும். ஆய்வகத்தில் அதன் பெயர் சட்டை. மூன்றாவதற்கு, சட்டையைக் கழற்றிய பிறகு மிஞ்சும் ஆர்.என்.ஏ.; அதன் பெயர் சரக்கு. இந்தப் பெயரால் காவலாளி இரண்டு முறை வந்து மோந்துவிட்டுப் போயிருக்கிறார்.

சரக்கு செல்லுக்குள் நுழைந்ததும் 'என்னைப் போல இன்னும் செய்' என்று உத்தரவாகிவிடும். செல் அதைப் படித்துச் செய்துகொடுக்கும். யார் கையெழுத்து என்று கேட்காது. எங்கள் துறை அலுவலகம் கேட்பதில் பாதிக் கேள்வி கேட்டிருந்தால் எந்தச் செடிக்கும் நோய் வந்திருக்காது.

நான் பிடித்தது புது வைரஸ், புகையிலை வைரஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதன் சரக்கு மட்டுமே நோய் தரும் என்று காட்ட நாலு வருடம். இன்றோடு என் பிஎச்.டி. பதிவுக்காலம் முடிகிறது. இரண்டு கையெழுத்து வேண்டும்: வழிகாட்டி சாருடையது, புள்ளியியல் மேடத்துடையது. மேடம் சாரின் மனைவி.

"என்ன தம்பி இது?" என்றார் சார். "உன் சரக்கு சிந்தி, என் கையில பட்டு இதுக்கு வந்திருக்கு."

"அப்போ நாலு வருஷ டேட்டாவும் சந்தேகம்தான்" என்றார் மேடம். பேனா 'நிராகரிப்பு' கட்டத்தின் மேல் நின்றது.

நான் முதல் செடியைக் காட்டினேன். "சார், தண்ணிச் செடிய நீங்கதான் தேய்ச்சீங்க. கையுறை போடாம."

"முப்பது வருஷமா போட்டதில்ல."

"அதான் சார். வெறும் விரல்ல இருக்கிற என்சைம் சட்டையில்லாத சரக்கை உடனே வெட்டிப் போட்டுடும். உங்க கைமேல ஏறி அது உயிரோட இலைக்குப் போயிருக்காது. போனது சட்டை போட்ட சரக்கு, என்சைம் அதைத் தொடாது."

"சட்டை போட்ட வைரஸ் இங்க எங்க இருக்கு?" என்றார் மேடம்.

"ஃப்ரீசர்ல. ஒரு மாசமா திறக்கல மேடம், பதிவேட்டுல இருக்கு."

"வேற எங்க?"

சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் பாதி, கெஞ்சல் பாதி. சார் சிகரெட்டை விட்டு ஒன்றரை வருடம். மேடத்தின் வெற்றி என்று துறைக் கூட்டத்தில் கைதட்டியிருக்கிறோம். சொன்னால் சார் கையெழுத்து போகும். சொல்லாவிட்டால் மேடம் கையெழுத்து.

"சொல்லுப்பா" என்றார் மேடம்.

செடியைப் பார்த்துப் பாடம் ஒப்பிப்பது போல் சொன்னேன். "காஞ்ச புகையிலையில மேடம். இதோட அண்ணன் வைரஸ், வருஷக்கணக்கா சாகாது. இதே புள்ளிதான் போடும்."

மேடம் பேனாவை மூடினார்.

"ஏங்க. சட்டைப் பையில என்ன?"

"பேனா."

"பேனா எப்பலேர்ந்து பெட்டியில வருது?"

சாரின் கை பையைப் பொத்திக்கொண்டது. மேடம் படிவத்தில் எழுதினார்: 'மூன்று செடிகளும் மறுபடி. கையுறையோடு. மூன்று நாள் நீட்டிப்பு.' கையெழுத்திட்டு, சார் பக்கம் தள்ளினார்.

சார் செல் மாதிரியே, எந்தக் கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.