சப்பாத்து என்ற பூனையின் தடம்

1

இந்தக் கதையை முதலில் ஒரு துறைமுகத்தில் வைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். கூடுதல் விரலோடு பிறக்கும் பூனைகளைக் கப்பல்காரர்கள் ராசி என்று ஏற்றிக்கொண்டு போவார்களாம். பாதம் அகலமாக இருப்பதால் ஆடும் தளத்தில் வழுக்காதாம். எங்கோ வாசித்தேன். நான் வாசிப்பதெல்லாம் தூரதேசத்து நாவல்களின் தமிழாக்கம். அவற்றில் மழைகூட வேறு மாதிரிப் பெய்யும். ஆகவே என் முதல் வாக்கியம்:

உப்புக்காற்று வீசிய அந்த மாலையில், ஆறு விரல் பூனையொன்று பாய்மரக் கயிற்றில் ஏறி, அடிவானத்தை—

[பாய்மரக் கப்பலை நான் பார்த்ததே இல்லை. விட்டுவிட்டேன்.]

பிறகு ஒருநாள் தலவாக்கலை பஸ்ஸில் முன் இருக்கைப் பெண்கள் இருவர் பேசியது காதில் விழுந்தது.

“பூனக்காலுக்கு பயந்துக்கிட்டா மல ஏறாம இருந்தீங்க?”

“பூனைக்கு யாரு பயந்தா?”

கேட்டவள் சிரித்தாள். மற்றவள் சிரிக்கவில்லை. அடுத்த சந்தியில் இறங்கிப் போய்விட்டார்கள். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

சிரிக்காதவளுக்கு ஜீவராணி என்று பெயர் வைத்தேன். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். முதல் எழுத்துப்படியில் அவளை விதவையாக்கியிருந்தேன், சோகம் கூடுமென்று. அப்புறம் வெட்கமாகிவிட்டது. புருஷன் செல்லசாமியை உயிரோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் வந்தது நல்லதுதான். வீட்டில் பேச்சு வந்தது.

அவர்களுடைய லயத்துக் காம்பிராவில், வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையில், ஒரு சாம்பல் நிறப் பூனை. முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஆறு விரல். பெரியவர்களின் சப்பாத்தைக் குழந்தை காலில் மாட்டிக்கொண்டது போல நடக்கும். அதனால் பெயரும் சப்பாத்து.

“ஆறு வெரலு இருந்து என்னா புண்ணியம்? ஒரு எலி புடிக்க வழியில்ல,” என்பான் செல்லசாமி.

“ஒங்களுக்கு அஞ்சஞ்சு இருக்கே. கூரைத் தகரத்து ஓட்டைய அடைச்சீங்களா?”

சப்பாத்து குட்டி போட்டது. குட்டிகளுக்கும் அதே கால். லயத்து நாய்களுக்குப் பயந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய் மூன்றாம் நம்பர் மலையின் மானாப்புல்லுக்குள் வைத்துவிட்டது. ஜீவராணிக்கு மட்டும் இடம் தெரியும். மிச்சச் சோற்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள்.

3

மூன்றாம் நம்பர் மலையைப் பற்றி அழகாக எழுதிப் பார்த்தேன்.

பச்சைப் பட்டை விரித்தாற்போல, பனி முத்தமிடும்—

[இது பிஸ்கட் டின்னின் மூடி. மன்னியுங்கள்.]

அங்கே தேயிலையைவிடப் புல் உயரம். துப்புரவு செய்ய ஆள் போடுவதை நிர்வாகம் நிறுத்திப் பல காலம். போன வருடம் அந்தப் புல்லுக்குள்ளிருந்து ஒரு சிறுத்தை பாய்ந்து நிஷாந்தியின் தோளைக் கிழித்தது. ஜீவராணியின் பக்கத்து நிரையில் பறிப்பவள் நிஷாந்தி. இடது கை இன்னும் முழுதாக மேலே போகாது. “புல்ல வெட்டுங்க, ஏறுறோம்” என்று பெண்கள் கேட்டார்கள். நிர்வாகம் பட்டாசு கொடுத்தது.*

* ஏறுமுன் கொளுத்தினால் சிறுத்தை ஓடிவிடுமாம். “தீபாவளிக்கு மிச்சம் வையுங்கடி,” என்றான் கங்காணி கந்தப்பன். அவன் கெட்டவன் இல்லை. இந்தக் கதையில் கெட்டவன் ஒருவன் கிடைத்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

4

மழை விட்ட காலை. மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்துச் சேற்றில் ஒரு தடம். சேறு வழுக்கியதில் இன்னும் அகன்றிருந்தது. கந்தப்பன் ஒருத்தியிடம் கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பை வாங்கி அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

“சிறுத்தக் குட்டிதான். பெருசு இல்ல.”

“குட்டி தனியாவா வரும்?” என்றாள் நிஷாந்தி. “ஆத்தாக்காரி எங்க இருக்கா? அத சொல்லுங்க மொதல்ல.”

“பட்டாசு போடுவோம்ல.”

“ஒங்க பட்டாசுக்கு அது ஓடும். எந்தப் பக்கம் ஓடும்னு தொரைய எழுதித் தரச் சொல்லுங்க.”

பெண்கள் கொழுந்துப் பைகளைக் கழற்றி மடித்தார்கள். ஒருத்தியும் ஏறவில்லை.

ஜீவராணி தடத்தைப் பார்த்த உடனே அது சப்பாத்துடையது என்று அறிந்துகொண்டாள். சிறுத்தையின் தடத்தில் நான்கு விரல்தான் பதியும். அங்கே நின்றவர்கள் யாரும் எண்ணவில்லை. பயத்தில் இருப்பவர்கள் அளப்பார்கள், எண்ணமாட்டார்கள்.

அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை? இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. சொல்லத்தான் போனாள், வாயெடுத்தாள், அதற்குள் நிஷாந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னைக்குத்தான்க்கா நாம சொல்றத நம்புறாங்க,” என்றாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

5

வேலை நின்றது. மறுநாள் தோட்டத்துத் துரை சொல்லியனுப்பினார்: வனஜீவராசி அதிகாரி ஒருவரோடு வந்து தடத்தைப் பார்ப்பார். சிறுத்தை என்று அதிகாரி சொன்னால் புல் வெட்ட ஆள் போடுவார். இல்லையென்றால் எல்லாரும் பேசாமல் ஏற வேண்டும்.

மழை அழித்துவிடக் கூடாதென்று நிஷாந்தி தன் வீட்டுப் பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து, மேலே கல் வைத்திருந்தாள். நாய் தட்டிவிடாமல் காவல் இருக்க ஜீவராணியை அனுப்பினார்கள்.

அதிகாரி எண்ணுவார். அது அவர் தொழில். ஜீவராணி தனியாக உட்கார்ந்து யோசித்ததெல்லாம் அதுதான். இனி நிஜமாகவே சிறுத்தை வந்து நின்றாலும், “போன தடவ மாதிரி பூனையா?” என்று கேட்பார்கள்.

கல்லை எடுத்தாள். பேசினைத் தூக்கினாள். ஆறு விரலும் அப்படியே இருந்தன.

ஓரத்து இரண்டை மட்டும் பெருவிரலால் தடவிவிட்டால் நான்கு.

6

முதல் முடிவு. தடவிவிடுகிறாள். அதிகாரி குனிந்து பார்த்து, தலையை ஆட்டுகிறார். புல் வெட்டுகிறார்கள். கத்தி போகும் வழியில்தான் குட்டிகள் இருக்கின்றன. முன்னமே போய் எடுத்துவிடுவாள் என்று ஒரு வரி சேர்த்தேன். சப்பாத்து அதற்குள் இடத்தை மாற்றியிருந்தது என்று அடுத்த வரி தானாக வந்தது. பாதி மலை வெட்டியதும் ஆட்களை வேறு வேலைக்கு எடுத்துவிடுகிறார்கள். மிச்சப் பாதிக்குள் என்ன இருக்கிறதோ.

இரண்டாம் முடிவு. தடவவில்லை. “மேக்க பூசெக்னே,” என்று சிங்களத்தில் சொல்லி அதிகாரி சிரிக்கிறார். பூனை என்றதும் துரை சிரிக்கிறார், கந்தப்பன் சிரிக்கிறான், கடைசியில் பெண்களுக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. நிஷாந்தி பையைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் புல்லை விலக்கி—

[இதற்கு மேல் எழுத முயன்றேன். முடியவில்லை.]

மூன்றாம் முடிவு. புல்லுக்குள்ளிருந்து சிறுத்தையே வந்து நிற்கிறது. அதுவும் ஜீவராணியும் ஒருவரையொருவர் வெகுநேரம் பார்க்கிறார்கள். நான் வாசிக்கும் நாவல்களில் இப்படித்தான் முடியும்; புத்தகத்தை மூடிவிட்டு நானும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த மூன்றாம் நம்பர் மலையில் அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்று நிஷாந்தியின் தோள் சொல்கிறது.

7

நல்ல முடிவு ஒன்று இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் தேடினேன். ஜீவராணி உண்மையைச் சொல்லி, “பூனதான், ஆனா புல்ல வெட்டுங்க” என்று துரையிடம் கேட்பது. எழுதிப் பார்த்தேன். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே துரை ஜீப்பில் ஏறிவிட்டார். போன வருடம் ரத்தத்தோடு கேட்டபோது கிடைக்காதது, பூனையைக் காட்டிக் கேட்டால் எப்படிக் கிடைக்கும்?

எனக்கு அழிப்பது சுலபம், அழித்த இடம் வெள்ளையாகிவிடும். அவளோ சேற்றில் அழிக்க வேண்டும். அழித்ததும் தெரியும்.

கீழே குரல்கள். கந்தப்பன் சிங்களத்தில் வழி சொல்லிக்கொண்டு வருகிறான். பின்னால் நிஷாந்தி. கிழிபட்ட நாளுக்குப் பிறகு இந்தச் சரிவில் அவள் தயங்காமல் கால் வைப்பது இன்றுதான். தடத்தை நம்பி ஏறி வருகிறாள்.

“அக்கா, தொறந்தே வச்சிருங்க. வந்துட்டாங்க.”

ஜீவராணியின் பெருவிரல் சேற்றைத் தொடுகிறது. இன்னும் அழுத்தவில்லை.

நான் இங்கே நிறுத்துகிறேன். நிறுத்தினால் நிஷாந்தி புல்லுக்கு இந்தப் பக்கமே நிற்பாள். அவளுக்காக என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். நீங்கள் விரும்பினால் மேலே எழுதுங்கள். எதை எழுதினாலும் அவளை ஏற்றித்தான் ஆகவேண்டும். நாளைக் காலையும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு உண்டு.

நிறுத்திவிட்டேன். புல் வளர்ந்துகொண்டிருக்கிறது.